ழகரம் வராதவருக்குக் கதவு திறக்காது

'ணங்' என்று முன்னறையில் ஒரு சத்தம் கேட்டது.

கண்ணாடித் தம்ளர் ஒன்று இன்னொன்றோடு உரசிய சத்தம். உள்ளறையில் பள்ளிச் சீருடைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்த மனைவியின் கத்தரிக்கோல், பாதித் துணியில் வாயைப் பிளந்தபடி நின்றது. உலகத்தில் எத்தனையோ பெண்களுக்குத் தங்கள் கணவன் வரும் காலடிச் சத்தம் தெரியும். இவளுக்குக் கணவன் விழும் சத்தம் தெரியும். தெருமுனையில் விழுந்தாலும் சரி, வாசற்படியில் விழுந்தாலும் சரி. அந்தச் சத்தத்துக்கு முன்னுரை இந்த 'ணங்'.

அடுத்து, மூடி திருகும் சத்தம்.

"அம்மா, அந்த மாமா பாட்டிலத் தொறக்குறாரு" என்றாள் மகள், பாடப்புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

"எனக்கும் காது இருக்கு."

"போய் ஏதாச்சும் சொல்லேன்மா."

"என்னத்தச் சொல்ல? அவரு உங்கப்பனுக்குக் காலையே குடுத்தவரு. நான் வாயக் குடுத்து என்ன ஆகப்போகுது?"

சொல்லிவிட்டு அவள் அலமாரியின் மேல் ஒரு பார்வை பார்த்தாள். அங்கே ஒரு பச்சைப் பை இருந்தது. அம்மாவுக்கும் மகளுக்கும் வேண்டிய துணிமணிகள் மடித்து வைத்த பை. கணவன் குடிநோய் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்றே அதைக் கட்டி வைத்துவிட்டாள். "இனி ஒரு தடவ குடிச்சிட்டு வாங்க. கதவு தாராளமாத் தொறந்திருக்கும். உள்ள நாங்க இருக்க மாட்டோம்" என்று அன்று சொன்னவள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பைதான் தினமும் மேலிருந்து பேசிக்கொண்டிருந்தது.

அந்தக் கணவரைத்தான் தெருவே 'தளபதி' என்று அழைக்கிறது. அவர் தளபதியும் இல்லை, தளபதிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரும் இல்லை. எல்லைக் காவலில் நின்ற சாதாரணச் சிப்பாய். ஆனால் பட்டம் கொடுப்பதில் நம் தெருக்காரர்களுக்கு என்றைக்குமே தாராள மனசு. சோறு கொடுப்பதென்றால்தான் கை கொஞ்சம் இழுக்கும்.

போர் முடிந்து அவர் வந்து இறங்கியபோது வரவேற்புக் கூட்டம் நடந்தது. போரே அதைவிடச் சீக்கிரம் முடிந்தது என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். "இவர் கண் விழித்ததால் நாம் கண்ணயர்ந்தோம்" என்று நகரசபைத் தலைவர் பேசினார். அதில் தவறே இல்லை. ஊர் அன்றிலிருந்து நன்றாகத்தான் தூங்குகிறது. இவருக்குத்தான் அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. நினைவுப் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். கண்ணிவெடி புதைத்த மண்ணில் வருடக்கணக்காக நடந்து வந்த மனிதருக்கு, வண்ணத்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் போடும் பெட்டி! யாருக்குத் தோன்றியதோ அந்த அருமையான யோசனை! வீட்டுக்கு வந்ததும் அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொல்லைப்புறத்தின் கடைசி மூலைக்குக் கொண்டுபோய், சுற்றிலும் ஈரச் சாக்கு அடுக்கி வைத்துவிட்டு, வயிற்றாலேயே ஊர்ந்து திரும்பி வந்தார். பக்கத்து மாடியிலிருந்து பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தளபதி என்ற பட்டம் அன்றைக்குத்தான் கிடைத்தது.

பிறகு வேலை தேடும் படலம். சிப்பாயாக இருந்தவனைக் கண்டால் உலகத்துக்கு ஒரே ஒரு யோசனைதான் வரும்: வாசலில் நிறுத்து. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலை கொடுத்தார்கள். முதல் வாரமே நல்ல மழை. கட்டடத்தின் முதலாளி காரில் வந்து இறங்கி, கதவைத் திற என்றார்.

"வார்த்தை?" என்றார் தளபதி.

"என்ன வார்த்த?"

"இன்னிக்கு வார்த்தை. சொன்னாத்தான் உள்ள."

"யோவ், இது என் கட்டடம்யா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

முதலாளி தொப்பலாக நனைந்து நின்றார். சொந்தக் கட்டடத்துக்குள் நுழையக் கடவுச்சொல் தெரியாத அந்த மனிதரின் நிலைமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கண்ணீர் வருகிறது, சிரித்துச் சிரித்து. தளபதியின் கண்ணில் வந்த கண்ணீர் வேறு வகை. சீட்டுக் கிழிந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது, தான் இன்னும் எல்லையில்தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்று.

தூக்கத்துக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடை பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். சாராயக்கடை இந்தப் பக்கம். சாலையில் வண்டி அதிகம், கடப்பது ஆபத்து என்று அவர் பாதுகாப்பான வழியைத் தேர்ந்தெடுத்தார். அப்புறம் நடந்ததை விவரிப்பானேன்? மிதமாகக் குடித்தார், அப்புறம் மிதக்கக் குடித்தார். மனைவி தையல் மெஷினை மிதித்தால் 'டட்டட்டட்' என்ற சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தார். அவள் மெஷினுக்குக் கீழே கம்பளியை மடித்துப் போட்டாள். மெல்ல மிதித்தாள். அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து மிதித்தாள். அந்த வகையில் அவர் குடியால் தையல் தொழிலுக்கு நல்ல ஓய்வு நேரம் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

வீட்டிலும் அதே 'வார்த்தை' நோய். மனைவி சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் வந்தால், "வார்த்தை?" என்பார். அவள் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். "கத்தரிக்கா" என்று ஒருநாள் சொன்னாள். "சரி, போ" என்று வழிவிட்டார். கட்டின பெண்டாட்டிக்கே அனுமதிச் சொல் கத்தரிக்காய்!

இந்த நோயையே மருந்தாக்கியது அவர் மகள். ஒருநாள் தள்ளாடி வந்து கதவைத் தட்டினார். அவள் உள்ளே இருந்து, அப்பா மாதிரியே குரலைக் கனமாக்கி, "நில்! யாரு? வார்த்தை?" என்றாள். விளையாட்டுத்தான். வெளியே சத்தமே இல்லை. கதவைத் திறந்து பார்த்தால் தளபதி படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி விசும்பிக்கொண்டிருந்தார். அடுத்த நாளே மருத்துவமனைக்குப் போகச் சம்மதித்தார். அங்கே ஆலோசகர், "உங்க மனசுல இருக்கறதச் சொல்லுங்க" என்று கேட்டதற்கு, விறைப்பாக நின்று தன் படைப்பிரிவின் பெயரையும் தன் எண்ணையும் சொன்னாராம். அதற்கு மேல் அவர் மனசில் ஒன்றும் இல்லை என்று ஆலோசகர் நம்பினாரா என்பது தெரியவில்லை.

திரும்பி வந்ததும் அவரே மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். "பாப்பா, தினமும் காலைல எனக்கு ஒரு வார்த்தை குடு. நான் வெளிய போயிட்டு வந்தா, கதவுக்கு வெளியே நின்னு சொல்லுறேன். ஆனா அதுல ழ இருக்கணும்."

"ஏன்பா ழ?"

"குடிச்ச நாக்குக்கு அது வராது."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம். மகள் பாடப்புத்தகத்தைக் குடைந்து தினமும் ஒரு ழகரம் எடுத்துக் கொடுப்பாள். மழை, குழாய், வழுக்கை, கிழமை. தளபதி இப்போது வேலை பார்ப்பது ஒரு சலவைக் கூடத்தில். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை நீராவி இஸ்திரியில் தேய்த்து மடிக்க வேண்டும். ராட்சத மெஷின்களின் இரைச்சலில் வேறு எந்தச் சத்தமும் காதில் விழாது. அதனாலேயே அந்த இடம் அவருக்குப் பிடித்துப்போனது. அவர் அடுக்கிய தலையணை உறைகள் அணிவகுப்பில் நிற்பது போல் நிற்கும். நாள் முழுக்க அந்த ஆவிக்குள் நின்று, உதடு அசைய, "வழுக்கை, வழுக்கை" என்று முணுமுணுப்பார். கூடத்து மேலாளருக்குத் தலையில் முடி கிடையாது. அந்த ஒரு நாளில் வேலை போகாமல் தப்பித்தது பெரிய அதிர்ஷ்டம்.

உண்மையைச் சொன்னால் இது கொடுமையான பரீட்சை. நம் ஊர் நாக்குகளுக்கு இதை வைத்தால், குடிக்காதவர்களிலேயே பாதிப் பேர் தெருவில்தான் படுத்துக் கிடக்க வேண்டும். மனைவியின் தம்பி, பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடாத உத்தமன், ஒருநாள் விருந்துக்கு வந்தான். அன்றைய வார்த்தை வாழைப்பழம். "வாளப்பளம்" என்றான். "மாமா தப்பு" என்றாள் மகள். "வாலப்பலம்" என்றான். அது இன்னும் தப்பு. கடைசியில் அக்காவே கதவைத் திறந்து, "வாடா, படிக்காத பயலே" என்று இழுத்துக்கொண்டாள்.

ஆனால் தளபதி ஏன் ழகரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது மனைவிக்குத் தெரியும். அவள் அதைப் பற்றிச் சிரிப்பதில்லை.

எல்லையில் அவர்கள் படைக்கு ஓர் அதிகாரி இருந்தார். மொழிப்பற்று மிக்கவர். எதிரியின் நாக்குக்கு ழ வராது என்று கண்டுபிடித்துக் கடவுச்சொல்லில் எல்லாம் ழ வைத்தார். ஒரு விடியற்காலை, முன்னால் நிற்பவனின் மூக்கே தெரியாத பனிமூட்டம். தளபதி காவல் நின்றார். அன்றைய சொல் 'நிழல்'. ஓடைப்பக்கம் போயிருந்த உயிர்க் கூட்டாளி திரும்பி வந்தான்.

"வார்த்தை?"

"நெலலு" என்றது பனி.

மறுபடி கேட்டார். மறுபடியும் "நெலலு"தான். விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்தார். குண்டு கூட்டாளியின் முழங்காலில் பாய்ந்தது. ஒரே ஓர் எழுத்துக்காக ஒரு கால்!

விசாரணை நடந்தது. 'விதிப்படி, விழிப்புடன் நடந்துகொண்டார்' என்று எழுதி, தளபதிக்குப் பதக்கம் கொடுத்தார்கள். கூட்டாளிக்கு ஊன்றுகோல் கொடுத்தார்கள். அரசாங்கம் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

அந்தக் கூட்டாளிதான் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அவ்வப்போது வருவார். எப்போதும் சிரிப்பு, எப்போதும் பாட்டில். "கால் போனா என்னடா, கை இருக்கே ஊத்த" என்பார். தளபதி ஒருநாளும் மறுத்ததில்லை. சுட்டவன் எந்த முகத்தோடு மறுப்பான்? தளபதி மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு கூட்டாளி வருவது இதுதான் முதல் தடவை.

"எடு மச்சான்."

"நான் விட்டுட்டேன்டா."

"என்னைய விட்டியா? அத விடு. என் கால் கேக்குது, ஒரு கிளாஸ் குடி."

உள்ளே மனைவி திரைச்சீலையின் ஓரத்தில் நின்றாள். கணவர் தலை குனிந்து தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ, அந்தப் பார்வை! கல்யாணப் பந்தலில்கூட அவளை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"அட, சோடா இல்லையா?" என்றார் கூட்டாளி. தனக்கு ஊற்றியதைப் பச்சையாகவே விழுங்கிவிட்டு, இன்னொன்றையும் விழுங்கிவிட்டு, இரண்டுக்கும் பிறகுதான் அந்த ஞானோதயம் வந்தது. "முக்குக் கடையில வாங்கியாறேன். நான் வர்றதுக்குள்ள குடிச்சிறாத, சேர்ந்து குடிப்போம்." ஊன்றுகோல் டக் டக் என்று படியிறங்கிப் போனது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அறையில் தளபதியும் தம்ளரும். திரைக்குப் பின்னால் மனைவியும் மகளும். மகள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா அசையவில்லை. அவள் போய்த் தட்டிப் பறித்திருக்கலாம். முன்பு எத்தனையோ தடவை பறித்திருக்கிறாள். பறித்த பாட்டிலை உடைத்து, உடைத்த பாட்டிலைக் கூட்டி, கூட்டும்போது கையைக் கிழித்துக்கொண்டு, அவர் இவள் காலில் விழுந்து அழ, இவளும் சேர்ந்து அழ, மறுநாள் புதுப் பாட்டில் வரும். ஆயிரம் முறை ஓடிய நாடகம். இந்த முறை அவள் மேடை ஏறுவதாக இல்லை. கண்களில் மட்டும் நீர் கட்டி நின்றது. மேலே பச்சைப் பை காத்திருந்தது.

தளபதி தம்ளரைக் கையில் எடுத்தார். அதன் வாசனை மூக்கில் ஏறியது. உதடுவரை கொண்டுபோனார்.

கதவு தட்டும் சத்தம்.

"நில்! யாரு?" என்றது வாய். பழக்கம். நாய்க்கு வால் மாதிரி அவருக்கு அது.

"நான்தான்டா, மச்சான்."

"வார்த்தை?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அதே ஆள், அதே கேள்வி. முகம் வெளுத்தது. தம்ளரில் இருந்ததில் பாதி சட்டையில் சிந்தியது. மீதியைத் தம்ளரோடு மேசையில் வைத்துவிட்டார். பிடித்துக்கொண்டிருக்க அந்தக் கையால் முடியவில்லை.

வெளியே கூட்டாளி சிரித்தார். "டேய், இன்னுமா வார்த்த கேக்குற? என்னதான்டா வார்த்த?"

நிலைமை புரியாத மகள், திரைக்குப் பின்னாலிருந்து அன்றைய வார்த்தையோடு உதவிக்கு வந்தாள். "மாமா, தாழ்ப்பாள்! தாழ்ப்பாள்னு சொல்லுங்க!"

"தாப்பா."

"தப்பு மாமா."

"தாலுப்பாலு."

"அய்யோ, பாலு இல்ல மாமா. தாழ். ப்பாள்."

"தா... லு..." என்று தொடங்கிய குரல் நின்றுபோனது. சிரிப்பும் நின்றது. ஊன்றுகோல் கதவில் சாய்ந்த சத்தம் கேட்டது. பிறகு, கதவின் அந்தப் பக்கத்திலிருந்து, அந்த மனிதரிடம் யாரும் கேட்டிராத ஒரு குரல் வந்தது.

"மச்சான்... அன்னிக்கும் இப்படித்தான்டா."

தளபதியின் தலை கதவுப் பக்கம் திரும்பியது.

"குளிருல நாக்கு மரத்துப் போச்சுன்னு உன்கிட்டச் சொன்னேன்ல? குளிரு இல்லடா. ஓடைப்பக்கம் போனது தண்ணிக்கு இல்ல, ஒளிச்சு வெச்சிருந்த பாட்டிலுக்கு. நல்லாக் குடிச்சிருந்தேன். வார்த்த எனக்குத் தெரியும்டா. ழதான் வரல."

"ஏன்டா இத்தன வருஷம் சொல்லல?"

"சொன்னா நீ எனக்குக் கம்பெனி குடுப்பியா?"

பாருங்கள், எவ்வளவு நேர்மையான பதில்! ஒரு பாட்டிலுக்குத் துணை வேண்டும் என்பதற்காக ஒரு மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் வருடக்கணக்காக நிறுத்தி வைத்த பெருந்தன்மை யாருக்கு வரும்? தளபதி எழுந்து கதவைத் திறந்தார். அடிக்கப் போகிறார் என்று மனைவி நினைத்தாள். கூட்டாளியும் அப்படித்தான் நினைத்தார் போலும், சோடாப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். தளபதி அவர் தோளைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். பெரிய வசனம் எதுவும் பேசவில்லை. நானாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு பக்கத்துக்குப் பேசவைத்திருப்பேன். அவருக்கு அவ்வளவு வராது.

"கோவமா மச்சான்?" கூட்டாளி மெல்லக் கண்ணைத் திறந்தார். பழைய சிரிப்பு மறுபடி எட்டிப் பார்த்தது. "இப்பதான் கணக்குத் தீர்ந்துபோச்சே. அதுக்குன்னே ஒண்ணு போடுவோம், வா."

தளபதி தம்ளரை எடுத்தார். நேரே நடந்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பி, அதிகாரியின் முன்னால் நிற்பது போல நின்று, உரக்கச் சொன்னார்:

"தாழ்ப்பாள்."

ழ கணீரென்று விழுந்தது. பின்னால் வந்த ளகரமும் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்தது.

திரைக்குப் பின்னால் மனைவி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அழுது முடிக்க அவளுக்கு நேரம் ஏது? காலையில் சீருடைகள் கொடுத்தாக வேண்டும். வெட்டிய துணியை எடுத்து மெஷினில் வைத்து மிதித்தாள்.

டட்டட்டட்டட்டட்.

முன்னறையில் தடாலென்று ஒரு சத்தம். அவள் காலை எடுத்துவிட்டு ஓடி வந்து பார்த்தாள். தளபதி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கீழே கிடந்தது கூட்டாளி. நாற்காலி ஒருபுறம், ஊன்றுகோல் ஒருபுறம். எப்போதும் சிரிக்கும் அந்த ஆள், மேசைக்கு அடியில் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

தளபதி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முதுகில் கை வைத்தார்.

"தையல் மெஷின்டா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு நிக்கர் தைக்குறா."

"நி... நிக்கரா?"

"ஆமா. நீல நிக்கர். பயப்படாத, அது சுடாது."

கூட்டாளி நெடுநேரம் எழவில்லை. மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். "மன்னிச்சிருங்கண்ணே, தெரியாம மிதிச்சிட்டேன்" என்றாள் மனைவி. இத்தனை வருடமாக இந்த மனிதர் தெருவில் நுழைந்தாலே அவளுக்கு வயிறு எரியும். இன்று எரியவில்லை. தன் கட்டிலுக்கு அடியில் பார்த்துப் பார்த்துப் பழகிய முதுகு அது.

"தூங்குறியாடா நீ?" என்று கேட்டார் தளபதி.

"எங்கடா..."

"ஞாயித்துக்கிழமை காலைல பள்ளிக்கூடத்துல உக்காருறோம். நம்ம மாதிரி பட்டாளத்து ஆளுங்க. வா."

"வட்டமா உக்காந்து அழுவீங்களே, அதுவா?" கூட்டாளி மூக்கை உறிஞ்சினார்.

"ஆமா. சின்னப் பிள்ளைங்க பெஞ்சு. முட்டி தாடையில இடிக்கும். காப்பி வாயில வைக்க வெளங்காது. நானே இதுவரைக்கும் ஒண்ணும் பேசுனதில்ல. அடுத்த வாரம் பேசப் போறேன். உன் காலப் பத்தி."

"என் கால நான்தான்டா பேசணும்."

"அப்ப வந்து பேசு."

கூட்டாளி எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். மேசைமேல் இருந்த பாட்டிலை மூடி திருகி இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரே மதியத்தில் உத்தமராகிவிட, அவர் ஒன்றும் தொடர்கதையில் வரும் ஆள் இல்லையே! சோடாவை மட்டும் மகளிடம் கொடுத்தார். "நீ குடி பாப்பா. தங்கச்சி, வர்றேன்மா."

"சாப்பிட்டுப் போகலாம்ண்ணே."

"இன்னொரு நாள்."

வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். "டேய், அந்த வார்த்த என்ன சொன்ன?"

"தாழ்ப்பாள்."

"தாள்..." என்றார். தலையை ஆட்டிக்கொண்டார். "தாள... சீ, சனியன்." ஊன்றுகோல் டக் டக் என்று இறங்கியது. தெருவில் கொஞ்ச தூரம் போன பிறகும், ஒவ்வொரு டக்குக்கும் ஒரு தாளோ தாலோ கேட்டுக்கொண்டே போனது.

அது தேயும்வரை நின்றுவிட்டு, தளபதி கதவைச் சாத்தினார்.